ஏடு போன வழியும் அறிவு வந்த வழியும்

பெரிய நூலகங்களிற் பாதுகாக்கப்படும் கையெழுத்துப் பிரதி ஒவ்வொன்றும் பலருடைய உழைப்பின் பயன். ஆக்கியோன் ஒருவன், படியெடுத்தோன் மற்றொருவன், தாள் செய்தவன், மை கூட்டியவன், தோலுறையிட்டுக் கட்டியவன், தலைமுறை தலைமுறையாகப் பேணியவர்கள் என இன்னும் பலர். ஆயின் அப்பிரதி நூலக அட்டவணையில் ஏறும்போது இவர்கள் எல்லோருக்கும் மேலாக வேறொருவர் பெயர் நிற்கின்றது. அவர் அதனை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியவர். இலண்டன் பிரித்தானிய நூலகத்திலுள்ள பாரசீக, அரபுக் கையெழுத்துப் பிரதிகளுள் முக்கியமானதொரு பகுதி 'ரிச் சேகரம்' என்றே வழங்குகின்றது. கிளோடியஸ் ஜேம்ஸ் ரிச் என்பார் அந்த ஏடுகளை ஆக்கியவருமல்லர், படியெடுத்தவருமல்லர். பக்தாத் நகரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஸ்தானிகராக, அதாவது ரெசிடென்டாக, இருந்த இராசதந்திரி அவர்.

பக்தாத்திலிருந்து போன ஏடுகளைப் பற்றி யாழ்ப்பாணத் தீவுகளில் வாழும் நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என வாசகர் வினவலாம். கேள்வி நியாயமானதே. அதற்கான விடை நமது கடற்கரையிலேயே கிடக்கின்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டிற் பராக்கிரமபாகு மன்னன் பிறப்பித்த கட்டளை. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்று அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கலமாயின் செம்பாகம் செம்பாகம் என்று கணக்கும் வகுக்கின்றது. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. கரம்பொன் அதன் அயலூர். குதிரை எங்கிருந்து வந்தது? பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்தது. அக்குதிரை வாணிபத்தின் தமிழ்நாட்டுப் பக்கத்தை, பாண்டியர் துறைகளுக்கு ஆண்டுதோறும் வந்திறங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளின் கணக்கோடு நமக்குச் சொல்பவர் ஷிராஸ் நகரத்து வஸ்ஸாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர்.

இன்னொரு சான்று இதனிலும் நெருக்கமானது. 1344ஆம் ஆண்டளவில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, காற்று மாறி இலங்கைக் கரை சேர்ந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அம்மன்னன் முத்துச் சலாபத்தின் தலைவன், கப்பல்கள் உடையவன், பாரசீக மொழி விளங்கியவன் என்று அவர் எழுதிவைத்துள்ளார். யாழ்ப்பாணத்து மன்னன் பாரசீகம் அறிந்திருந்தான் என்னும் இச்செய்தி நமது பள்ளிப் பாடநூல்களில் எத்தனை வரி பெற்றிருக்கின்றது? காலியிலே கிடைத்த 1409ஆம் ஆண்டின் மும்மொழிக் கல்வெட்டு சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டது. இந்துமா கடல் வாணிபத்தில் நமது மொழி எம்மொழிகளோடு அருகருகே நின்றது என்பதற்கு இக்கல்லை விடச் சுருக்கமான சான்று வேறில்லை. ஆகவே பாரசீகமும் அரபும் நமக்குப் பிறர் வீட்டுச் சங்கதிகள் அல்ல. நமது வரலாற்றின் சில ஏடுகள் அம்மொழிகளிலேயே உள்ளன.

அந்த ஏடுகள் நம்மை வந்தடைந்த வழி யாது என்பதே இனி எழும் வினா. இப்னு பதூதாவின் பயண நூலை முழுமையாகத் தந்த பிரதிகள், 1830க்குப் பின் பிரெஞ்சுப் படைகள் அல்சீரியாவைக் கைப்பற்றிய காலத்திற் கிடைத்துப் பாரிஸ் நகரத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தவை. அவற்றை வைத்தே 1853 முதல் 1858 வரை பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு நான்கு தொகுதிகளாக நூல் அச்சேறிற்று. யாழ்ப்பாண மன்னனைப் பற்றிய குறிப்பு அல்சீரியாவை அடிமைகொண்ட படையின் பின்னே பாரிஸ் சென்று, பிரெஞ்சு மொழியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் உருப்பெற்று, அதன் பின்னரே தமிழ் மாணவன் கைக்கு வந்தது. அறிவு இவ்வாறு சுற்றிவளைத்து வருவதன் பொருளாதாரத்தையும் அரசியலையும் விளங்கிக்கொள்ள ரிச்சின் சேகரம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

1787இற் பிறந்த ரிச், இளமையிலேயே அரபு, பாரசீகம், துருக்கி முதலிய மொழிகளைத் தாமே முயன்று கற்றவர். அம்மொழியறிவே அவருக்குக் கம்பனியில் வேலை தேடித் தந்தது. 1807இற் பம்பாய் வந்தார். அங்கு நீதிபதியாயிருந்த சேர் ஜேம்ஸ் மக்கின்டொஷின் மகளை 1808இல் மணந்தார். அதே ஆண்டில், இருபதைச் சற்றே கடந்த வயதில், பக்தாத்தின் ஸ்தானிகரானார். அப்பதவி பம்பாய் அரசாங்கத்துக்குக் கீழ்ப்பட்டது. ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியாவுக்குச் செல்லும் தரைவழித் தபாலைக் காப்பதும், பிரெஞ்சுச் செல்வாக்கைத் தடுப்பதும், பஸ்ரா வழியாக நடந்த கம்பனி வாணிபத்தின் சலுகைகளைப் பேணுவதுமே அவர் கடமைகள். ஏடு சேகரித்தல் அவரது ஓய்வுநேர ஈடுபாடு. ஆனால் அந்த ஓய்வு நேரத்துக்கும் ஊதியம் கொடுத்தவர் யார்? கம்பனியின் வருவாயில் மிகப் பெரும் பகுதி இந்திய உழவனின் நிலவரி. தஞ்சாவூரிலும் வங்காளத்திலும் நெல் விதைத்தவன், தான் கண்டறியாத பக்தாத் நகரில் ஒரு மாளிகைக்கும் அதன் காவற்படைக்கும் அதன் நூல் அலுமாரிக்கும் பணம் கட்டினான். 'ரிச் சேகரம்' என்ற பெயரில் இவனுக்கு இடமில்லை.

ரிச் கொள்ளைக்காரர் அல்லர். இதனைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் நூலகம் போர்க் கொள்ளையாகவே கம்பனியின் கைக்குச் சென்றது. ஏறத்தாழ 2000 ஏடுகள் கொண்ட அந்நூலகத்தின் ஒரு பகுதி கல்கத்தாவுக்கும் ஒரு பகுதி இலண்டனுக்கும் போயிற்று. 1809இல் சார்ள்ஸ் ஸ்டூவர்ட் அதற்கு விரிவான அட்டவணை வெளியிட்டார். அரசன் மடிந்தான், அவன் நூலகத்துக்கு அட்டவணை பிறந்தது! ரிச் செய்தது அதுவன்று. அவர் விலை கொடுத்தார், பேரம் பேசினார், மோசூல் பக்கத்துக் கிறித்தவ மடங்களுக்கும் குர்திஸ்தான் ஊர்களுக்கும் நேரே சென்று ஏடுகளைப் படித்து மதித்து வாங்கினார். அவ்வாறு பெற்றவற்றுட் சிரியாக் மொழி ஏடுகளும் உண்டு.

கொள்முதல் ஆயிற்றே, பின்னர் குற்றம் எங்கே என்று நல்லெண்ணமுடையோர் கேட்பர். சந்தையிலே இருவர் சமமாக நிற்கும்போதுதான் கொள்முதல் வெறுங்கொள்முதலாகும். ஒருபுறம் வல்லரசொன்றின் பிரதிநிதி; அவர் பின்னே கப்பற்படையும் கம்பனிக் கருவூலமும். மறுபுறம் வரிச்சுமையாலும் உள்நாட்டுக் கலகங்களாலும் நலிந்த ஒரு மாகாணத்தில் பசியோடிருந்த குடும்பம், அல்லது கூரை பழுதாகிய ஒரு மடம். இருவரும் 'விருப்பத்தோடு' கைமாற்றிக்கொண்டனர் என்று எழுதுவது சட்டப்படி சரியாயிருக்கலாம். வரலாற்றுப்படி அரைகுறை உண்மையே. அறுவடைக்கு முன்னமே நெல்லை விற்கும் ஏழை விவசாயியும் விருப்பத்தோடுதான் விற்கின்றான்!

அதிகாரத்துக்கும் இந்த ஏடுகளுக்குமிடையிலான தொடர்பை ரிச்சின் இறுதி நாட்களே காட்டுகின்றன. பக்தாத்தை ஆண்ட தாவூத் பாஷாவுக்கும் அவருக்கும் வாணிபச் சலுகைகள் பற்றிய பிணக்கு முற்றி, 1821இல் அவர் அந்நகரை விட்டு நீங்கினார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஷிராஸ் நகரில் வாந்திபேதி கண்டு இறந்தார். அவர் சேகரித்த ஏறத்தாழ 800 கையெழுத்துப் பிரதிகளையும், நாணயங்களையும், பாபிலோனியத் தொல்பொருள்களையும் 1825இற் பிரித்தானிய அரும்பொருட்சாலை விலைக்கு வாங்கிற்று. அதே 1821இல், மே மாதத்தில், தென்னிந்திய ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய கேணல் கொலின் மக்கென்சியும் கல்கத்தாவில் இறந்தார். அவர் மனைவியிடமிருந்து கம்பனி ஓர் இலட்சம் ரூபா கொடுத்து அச்சேகரத்தை வாங்கிற்று. இருவர் திரட்டியதும் முன்னமே பொதுப்பணத்தின் நிழலில் திரட்டப்பட்டது. மீண்டும் பொதுப்பணத்தாலேயே அது வாங்கப்பட்டது. இருமுறையும் விலை செலுத்திய மக்களுக்கு அதனைப் படிக்கும் வாய்ப்பு ஒருமுறையும் வாய்க்கவில்லை.

மக்கென்சியின் கதையில் நாம் மறக்கலாகாத பெயர்கள் காவலி வெங்கட போரய்யா, லக்ஷ்மய்யா என்னும் உடன்பிறந்தார் பெயர்கள். ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி, படித்து, மொழிபெயர்த்தவர்கள் இவர்களும் இவர்கள்கீழ் உழைத்த பலமொழிப் பண்டிதர்களுமே. மக்கென்சி இறந்தபின் அப்பணியைத் தாமே தொடர லக்ஷ்மய்யா விண்ணப்பித்தார். இத்தகைய வேலையைத் தலைமை தாங்கி நடத்தச் சுதேசி ஒருவனால் இயலாது என்று வங்காள ஆசியக் கழகத்தார் தட்டிக்கழித்தனர். ஏடு திரட்டத் தகுதியுண்டு. அதனை ஆராயத் தகுதியில்லை! கூலி கொடுக்கலாம், பெயர் கொடுக்கலாகாது! காலனித்துவக் கல்வியியலின் சாரம் இந்த ஒரு முடிவில் அடங்கிவிடுகின்றது.

அட்டவணைகளையும் இந்நோக்கில் ஆராய்தல் வேண்டும். பிரித்தானிய அரும்பொருட்சாலையின் சிரியாக் ஏடுகளுக்கு 1838இலும், அரபு ஏடுகளுக்கு 1846 முதல் 1871 வரையும் அட்டவணைகள் வெளிவந்தன. அவற்றின் புலமை வியக்கத்தக்கது. ஆனால் அவை எழுதப்பட்ட மொழி இலத்தீன்! பக்தாத்தில் எழுதப்பட்ட அரபு நூலைப் பற்றி அறிய விரும்பும் பக்தாத் மாணவன் முதலில் இலத்தீன் கற்கவேண்டும். பாரசீக ஏடுகளுக்கு சார்ள்ஸ் ரியூ 1879 முதல் 1883 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில அட்டவணை இன்றும் ஆராய்ச்சியாளர் கைவிட இயலாத கருவி. நமது இலங்கையை எடுத்துக்கொள்வோம். சிவில் சேவை உத்தியோகத்தரான ஹியூ நெவில் இங்கே திரட்டிய 2,227 ஏட்டுச் சுவடிகளை 1904இல் அதே அரும்பொருட்சாலை வாங்கிற்று. அவற்றுட் பெரும்பாலான சிங்களச் சுவடிகளுக்கு முழுமையான அட்டவணை 1987இலேதான் வெளிவரத் தொடங்கிற்று. அதனை ஆக்கியவர் கே. டி. சோமதாச என்னும் இலங்கையர். போரய்யா சகோதரர்களுக்கு மறுக்கப்பட்ட இடத்தை ஓர் இலங்கையர் பெற ஒன்றரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

இவ்வளவும் கூறியபின் எதிர்த்தரப்பின் மிக வலிய வாதத்தைச் சந்திக்காது ஒதுங்குவது நேர்மையன்று. 'ஏடுகள் அங்கே போனதால்தான் தப்பின. இங்கே இருந்திருந்தால் அழிந்திருக்கும்' என்பதே அவ்வாதம். யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதனைக் கேட்டு எளிதிற் சிரித்துவிட முடியாது. 1981 மே மாத இறுதியிலும் ஜூன் முதலாம் நாளிலுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும், மீண்டும் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 2003 ஏப்ரலில் பக்தாத்தில் ஈராக்கின் தேசிய நூலகம் எரிந்தது. ரிச்சின் ஏடுகள் பக்தாத்தில் இருந்திருந்தால் அவையும் அந்தத் தீக்கு இரையாகியிருக்கக்கூடும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆயின் தீ வானத்திலிருந்து விழவில்லை. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஊரில் அரச காவற்படை குவிக்கப்பட்டிருந்தது. பேரினவாத அரசியல் அந்தத் தீக்கு எண்ணெய் வார்த்தது. பக்தாத் நூலகம் எரிந்தபோது அந்நகர் அமெரிக்கப் படையின் கையிலிருந்தது. அப்படையெடுப்பிற் பிரித்தானியாவும் பங்காளி. ஒரு கையால் நாட்டைக் குலைத்து, மறுகையால் 'உங்கள் ஏடுகள் எங்களிடம் பத்திரம்' என்று சொல்லும் வாதத்தில் எத்தகைய நீதியுண்டு? மேலும் பத்திரம் என்பது எங்கும் நிரந்தரமன்று. 2023 ஒக்டோபரில் இணையவழித் தாக்குதலொன்று பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்பை முடக்கிற்று. எண்மப் படிகளாக உலகெங்கும் படிக்கப்பட்டுவந்த கையெழுத்துப் பிரதிகள் மாதக்கணக்கில் எவருக்கும் எட்டாதிருந்தன. ஒரே இடத்தில், ஒரே கையில் குவிந்திருப்பதே ஆபத்து. அந்த இடம் இலண்டனாயினும் யாழ்ப்பாணமாயினும் உண்மை ஒன்றே.

வெளியார் குற்றத்தை எண்ணும்போது நமது குற்றத்தையும் எண்ணுதல் முற்போக்காளர் கடன். காலி மும்மொழிக் கல்லை 1911இற் கண்டெடுத்தபோது அது மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கப் புறப்பட்டபோது, எடுக்கும்போதே ஒடிந்து உதிரும் ஏடுகளையே பல இடங்களிற் கண்டார். அவற்றைச் செல்லரிக்கவிட்டது எந்தத் துரையும் அல்லன். ஏடு இருந்த வீட்டின் படலை எல்லாச் சாதியார்க்கும் திறந்திருக்கவில்லை. வைத்தியச் சுவடியையும் சோதிடச் சுவடியையும் குடும்பச் சொத்தாகப் பூட்டிவைத்து, பூட்டிய பெட்டிக்குள்ளேயே மடியவிட்டவர் நம்மவரே. அறிவைச் சிலர் மட்டும் வைத்திருக்கலாம் என்னும் எண்ணம் இலண்டன் அரும்பொருட்சாலைக்கு மட்டும் உரியதன்று.

இதனிலும் கசப்பான ஓர் உண்மை உண்டு. அரபு எழுத்தை நாள்தோறும் வாசிக்கும் தமிழ்பேசும் மக்கள் நம் அயலவராகவே வாழ்ந்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் மரபு கீழக்கரையிலும் காயற்பட்டினத்திலும் இலங்கையிலும் வளர்ந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் 19ஆம் நூற்றாண்டில் அதற்கு வளம் சேர்த்தனர். அம்மரபின் வாரிசுகளான வடபுல முஸ்லிம்களை 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசமே. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் இருந்த கிதாபுகளுக்கு அட்டவணை எழுதிய துரை எவருமில்லை. அவற்றைத் தேடிய தமிழறிஞரும் மிகச் சிலரே. நூலகம் எரிந்ததற்கு ஆண்டுதோறும் அழும் நாம், இந்த இழப்பையும் நமது இழப்பாகக் கணக்கிடாதவரை நமது கண்ணீர் முழுமை பெறாது.

இனி, ஏடுகளை நாடிச் செல்வதற்கு வேறொரு வழியும் உண்டு என்பதைக் காட்டியவர் கரம்பொன் ஈன்ற தனிநாயக அடிகள். 1913 ஓகஸ்ட் 2ஆம் நாள் பிறந்த அடிகள், 1950களில் ஐரோப்பிய நூலகங்களைத் தேடிச் சென்றார். 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழை உரோமன் எழுத்தில் தரும் 'கார்ட்டிலா' என்னும் சமயநூலை அந்நகரிலும், அந்தாவோ தெ புரொவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலும் கண்டு தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வகராதியைப் படத்தகடு வழி அப்படியே அச்சிட்டு 1966இற் கோலாலம்பூரில் வெளியிடச் செய்தார். மூலநூல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் படி உலகெங்கும் சென்றது. ரிச் ஏட்டைக் கொண்டுபோனார். அடிகள் ஏட்டின் அறிவைக் கொண்டுவந்தார்.

அடிகளைப் போற்றும்போதும் திறனாய்வுக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த கத்தோலிக்கத் துறவி என்பதால் அவருக்குத் திறந்த கதவுகள், ஊர்காவற்றுறையின் சாதாரண மாணவன் ஒருவனுக்குத் திறந்திருக்கவில்லை. இன்றும் எளிதில் திறப்பதில்லை. கடவுச்சீட்டு, விசா, விமானக் கட்டணம், இலண்டன் வாழ்க்கைச் செலவு ஆகியன இன்றைய சுங்கச்சாவடிகள். தனிமனிதரின் ஆற்றலாலும் வாய்ப்பாலும் நடந்ததைச் சமூகத்தின் உரிமையாக மாற்றுவதே நம்முன் உள்ள வேலை.

மூலப் பிரதிகள் அனைத்தையும் உடனே திருப்பித் தருக என்று முழங்குவது எளிது. திப்புவின் நூலகம் போல் வாளால் எடுத்தவற்றைத் திருப்பிக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. எனினும் ரிச் சேகரம் போன்றவற்றில், திருப்பிப் பெறுவதற்கு முன்னமே கேட்டுப் பெறவேண்டியவை உண்டு. ஒவ்வோர் ஏட்டின் முழுப்படியும், ஏடு எழுந்த நாட்டின் நூலகங்களுக்குக் கட்டணமின்றி, சொந்த உடைமையாக வழங்கப்படவேண்டும். ஒரே கணினியில் தொங்கும் படியாக அது இருத்தலாகாது. ஏடு எழுதப்பட்ட மொழியிலேயே அட்டவணை வேண்டும். எவரிடம் வாங்கியது, என்ன விலைக்கு வாங்கியது, எவர் எழுதியது என்பன சேகரித்தவர் பெயருக்கு நிகராக அதில் இடம்பெறவேண்டும். படியெடுத்தவன் ஏட்டின் இறுதியில் தன் பெயரும் நாளும் எழுதி, படிப்போரின் பிரார்த்தனையை வேண்டும் வழக்கம் அரபு, பாரசீக ஏடுகளில் உண்டு. அவன் கேட்டது பிரார்த்தனை. நாம் கொடுக்கக்கூடியது அட்டவணையில் ஓர் இடம்.

இவை வெளியாரிடம் கேட்கவேண்டியவை. நமக்கு நாமே செய்யவேண்டியவையும் உள. 2005 முதல் தன்னார்வ உழைப்பால் வளர்ந்துவரும் நூலகம் எண்ம நூலகம், எரிந்த நூலகத்தின் சாம்பலுக்கு நம்மவர் அளித்த செயல்வழி விடை. அப்பணி வீட்டுப் பெட்டிகளிலுள்ள சுவடிகளுக்கும், மீண்டு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள அரபுத்தமிழ் ஏடுகளுக்கும் விரியவேண்டும். வரலாறு பயிலும் தமிழ் மாணவருள் ஆண்டுக்கு ஐவரேனும் பாரசீகமோ அரபோ கற்க நமது பல்கலைக்கழகங்கள் வழிசெய்யவேண்டும். 1344இல் ஆரியச்சக்கரவர்த்தி விளங்கிக்கொண்ட மொழியை இன்றைய யாழ்ப்பாணத்தில் வரலாற்றுப் பேராசிரியரும் பிறர் மொழிபெயர்ப்பின் துணையின்றிப் படிக்க இயலாதிருப்பது பெருமைக்குரிய நிலையன்று.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நயினாதீவுக் கல்வெட்டையும் இப்னு பதூதாவின் குறிப்பையும் ஒரே பாடவேளையில் ஒருங்கே வைத்துக் கற்பியுங்கள். குதிரை இறக்கிய பரதேசிக்கும், பாரசீகம் பேசிய மன்னனுக்கும், கல்லில் எழுத்துப் பொறித்த தமிழ்த் தச்சனுக்கும் இந்தத் துறை ஒருகாலத்திற் பொதுவாயிருந்தது என்பதை ஊர்காவற்றுறைப் பிள்ளை தன் ஊரின் பெயரோடு சேர்த்தே அறியட்டும். அவ்வாறு அறிந்த பிள்ளைகளுள் ஒருத்தி நாளை ரிச் சேகரத்தின் ஏடொன்றை விரித்து, அதன் கடைசிப் பக்கத்திலுள்ள படியெடுத்தோன் பெயரைத் தானே வாசிப்பாளாயின், அந்த ஏடு அவளிடமும் வந்து சேர்ந்துவிட்டது என்று நாம் சொல்லலாம்.